எட்டில் நான்கு

சுவரை மட்டும் அவர் வார்க்கவில்லை.

நான் சாய்ந்திருந்தது நிஜமான சுவர்.
கென்ட் நகரின் வடக்கே, மூடிப்போன நூற்பாலையின் மூன்றாம் மாடி;
உள்ளங்கையை எடுத்தால் சுண்ணாம்பு கூடவே வரும்.
வெண்கலத்தில் அது இல்லை.
வலக்கை காற்றில் ஊன்றியிருக்க
இடக்கை காலணியைப் பாதி கழற்றியிருக்க
ஒற்றைக் காலில் நிற்கிறேன்
எழுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்.
விழமாட்டேன். பாதத்துக்கு அடியில் திருகாணி.

நிர்வாணமாகவா என்று கேட்டாள் தங்கை.
இல்லையடி, ட்ராம் ஓட்டும் சீருடையோடு.
பெல்ட்கூட இருக்கிறது.

வியாழன்தோறும் எனக்கு விடுமுறை.
மணிக்குப் பதினெட்டு யூரோ, காப்பி தனி.
அசையாதே டினே என்று லீவன் சொல்ல நேர்ந்ததில்லை.
சிவப்பு விளக்குக்கு நிற்பது என் தொழில்.

எட்டாக வார்த்தார்கள் என்னை.
குதிகாலில் எண் பொறித்து, சான்றிதழ் எழுதி
எட்டுப் பெட்டிகளில் அனுப்பினார்கள்.
முதலாவது க்னோக்கே கடற்கரைத் தோட்டமொன்றில்;
நீட்டிய என் கையில் பிள்ளைகள்
நீச்சல் துண்டைக் காயப்போடுகிறார்களாம்.
இரண்டாவது ஒரு மணமுறிவில் சிக்கி
கொலோன் ஏலத்தில் மூன்று மடங்கு விலைக்குப் போனது.
ஆறாவது ஜெனீவாவின் சுங்கக் கிடங்கில்.
பெட்டியின் ஆணியே இன்னும் பிடுங்கவில்லை.
இருட்டில், ஒற்றைக் காலில்.
சில இரவுகளில் புரண்டு படுக்கும்போது
அவளை நினைத்துக்கொள்வேன்.
மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை.
வாங்கியவர் பெயரைச் சொல்வது வழக்கமில்லையாம்.

அச்சை அழிக்கும் நாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.
பட்டறைக்காரர் ஓடிலோன்
தரைவிரிப்பு வெட்டும் கத்தியால்
ரப்பரைக் கீறிக்கொண்டே போனார்.
காட்சிக்கூடத்துப் பெண் ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்தாள்.
உள்ளே என் முகம் குழியாக இருந்தது.
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்,
ஒரு கரண்டி மழை நிற்கும்.
அரிதாவது எவ்வளவு எளிது,
ஒரு கத்தி போதும்.
காது உள்ள துண்டை மட்டும் கேட்டேன்.
ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார்கள்.

கை கழுவும்போது ஓடிலோன் தாழ்ந்த குரலில் சொன்னார்:
நாலாம் எண்ணின் வயிற்றுக்குள்
உட்கருவின் சில்லொன்று தங்கிவிட்டது.
அசைத்தால் உருளும்.
பெட்டி கட்டியாகிவிட்டது, யாரிடமும் சொல்லாதே.

சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து லியேஜிலிருந்து ஒரு கடிதம்.
ஜோசியான் தொனார், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
கூடத்திலிருந்து ஜன்னலோரம் மாற்றும்போது
உங்களுக்குள் எதுவோ உருண்டது என்று எழுதியிருந்தார்.
திறந்து எடுத்துத் தருகிறோம், பணத்திலும் கொஞ்சம் கழிக்கிறோம்
என்றதாம் காட்சிக்கூடம்.
வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்.
ஏன் காலணியைக் கழற்றுகிறீர்கள்?
கல்லா?

மூன்று வருடங்களில் யாரும் இதைக் கேட்கவில்லை.
'நகர மனிதரின் நிலையின்மை' என்று
விலைப்பட்டியலின் முன்னுரையில் அச்சிட்டிருந்தார்கள்.
நானும் அதை இரண்டு முறை படித்து
அப்படித்தான் போலும் என்று இருந்துவிட்டேன்.

முதல் வியாழன். மூன்று மாடி ஏறி
வாசல் சுவரில் கை ஊன்றி, குனிந்து,
பணிமனைத் தண்டவாளத்துச் சரளைக்கல் ஒன்றை
உதறப் போனேன்.
அப்படியே நில் என்றார் லீவன்.
நின்றேன். இருட்டும்வரை.
வீட்டுக்கு வந்து காலணியைக் கவிழ்த்துப் பார்த்தபோது
கல்லைக் காணோம்.

ட்ராம் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று கையில் இருந்தது.
'ஆமாம் மேடம். இடது கால்' என்று எழுதினேன்.
கீழே கையெழுத்துப் போட்டேன்.
எண் போடவில்லை.